லூர்த்தம்மா எடுத்த ஈரல்

"பெட்டியைத் திற பாப்பம்!"

பத்மாசினி போட்ட சத்தத்தில் மீன்சந்தையே திரும்பிப் பார்த்தது.

அங்கே கூலிக்கு மீன் வெட்டுகிற குருநகர் லூர்த்தம்மா கத்தியோடு அப்படியே இருந்தாள். பத்மாசினி தானே குனிந்து, அவளுக்குப் பின்னாலிருந்த ஓலைப்பெட்டியைத் திறந்தாள்.

உள்ளே முழுக்க ஈரல்.

"கண்டியளே! பிள்ளைத்தாச்சி மகள் ஈரலுக்கு ஆசைப்பட்டாள் எண்டுதான் திருக்கை வாங்கினனான். வெட்டித் தாறன் எண்டு உவள் அதைச் சுருட்டிப்போட்டாள்!"

"என்ரை சுறாவிலையும் ஈரலைக் காணேல்லை" என்றது இன்னொரு குரல்.

பத்மாசினி பெட்டிக்குள் கையை விட்டாள். லூர்த்தம்மா பாய்ந்து பெட்டியைப் பறித்து, அப்படியே கழிவு வாய்க்காலுக்குள் கவிழ்த்தாள்.

"தனக்கில்லாட்டி ஒருத்தருக்கும் இல்லையாம். கெப்பரையும் திமிரையும் பாருங்கோ!" என்று கத்தினாள் பத்மாசினி.

சந்தைக் குத்தகைக்காரர் செல்வரட்ணம் வந்தார்.

"களவெடுத்தனியோ?"

"ஓம் ஐயா. எடுத்தனான்."

"நாளையிலையிருந்து இஞ்சை குந்தாதை. எழும்பு!"

புருசனைக் கடல் கொண்டுபோன பிறகு, அந்த இரண்டு முழ இடத்தால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. கத்தியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

பக்கத்தில் மீன் விற்கிற ஸ்ரெல்லா சந்தைக்கு வெளியே ஒழுங்கைவரை பின்னால் ஓடி வந்தாள்.

"விசரே அக்கா உங்களுக்கு? உதைக் கொண்டுபோய் என்ன செய்யிறனீங்கள்?"

"கிடங்கு வெட்டித் தாட்டுப்போடுறனான். மீன் ஆராய்ச்சிக்கு வந்த ஐயா சொன்னவரடி. தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து மழையோடை கடலுக்கு வருதாம். மீன் தான் சாகாமல் இருக்க, அந்த நஞ்சை ஈரலிலை ஒதுக்கி வைக்குதாம். வயித்துப்பிள்ளையளுக்கு ஆகவே கூடாதாம்."

"அதை அங்கை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னால் நாளைக்கு ஆர் மீன் வாங்குவினம்? உனக்கும் மூண்டு குஞ்சுகள்."

ஸ்ரெல்லா அவளைக் கட்டிப்பிடித்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

மறுநாள் லூர்த்தம்மாவின் இடத்தில் மீன் வெட்ட ஸ்ரெல்லா இருந்தாள்.

"நல்ல திருக்கையாப் பார்த்து வெட்டு பிள்ளை. மகள் நேற்று ஒண்டும் தின்னேல்லை" என்றாள் பத்மாசினி. "ஈரல் கவனம்."

ஸ்ரெல்லாவின் கத்தி ஒருகணம் நின்றது. செல்வரட்ணம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் ஈரலைப் பக்குவமாய் எடுத்தாள். கழுவினாள். பூவரசம் இலையில் வைத்துப் பத்மாசினியின் கையில் கொடுத்தாள்.

"நான் லூர்த்தம்மாக்காவைப் போலை இல்லை அம்மா."