நாலு ஓட்டை

கம்பெனிகளுக்காகத் தொழிலாளர் வழக்கு நடத்தும் வக்கீல் ஆபீசில் எனக்குப் பயிற்சி. சீனியர் ஒரு தாளை நீட்டினார்.

"டிஸ்மிஸ் ஆர்டர். கோர்ட்ல நிக்குமா பாரும்மா."

பெயர்கள் மேல் கறுப்பு மை.

பத்தே நிமிடத்தில் துள்ளினேன். "நாலு ஓட்டை சார்! விசாரணைத் தேதியே போடல."

"எல்லாத்தையும் அடைச்சிடு."

அடைத்தேன். "நீ பொழச்சுக்குவே!" என்றார். வீடு வரைக்கும் அந்தக் கறுப்பு மை மனசை அரித்தது.

மூன்றாம் நாள் மாலை, வழக்கத்துக்கு மாறாக அப்பா எனக்கு முன்பே வீட்டில் இருந்தார். உட்காரவில்லை, கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"இருபது வருஷ வேலை, ஒரே தாள்ல முடிச்சுட்டாங்க. நீ வக்கீலுக்குத்தானே படிக்கிற? ஏதாவது ஓட்டை இருக்கா பாரும்மா."

வாங்கினேன். கறுப்பு மை இருந்த இடத்தில் அப்பாவின் பெயர்.

"இல்லப்பா."

"நல்லாப் பாரு. ஒண்ணுகூடவா இல்ல?"

நான் அடைக்கும் வரை நாலு இருந்தது.