பதவி போன ஆமையும் பல் ஆடிய சுறாவும்

சுறாவுக்கு எதிராக நண்டுகளும் கடற்காகங்களும் ஆமைகளும் ஒரு கூட்டணி வைத்திருந்தன. அதன் கடற்படைத் தளபதி ஒரு கிழட்டு ஆமை. பத்து வருஷமாகச் சுறா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "இனி எதுக்குத் தளபதி?" என்று கூட்டம் போட்டுப் பதவியையே எடுத்துவிட்டன. ஆமை கேட்டால்தானே? தினமும் பாறைமேல் ஏறிக் கடலைப் பார்த்தபடி நிற்கும்.

ஒருநாள் காலை, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு முதுகுத் துடுப்பு ஒன்று வந்தது.

"சுறாடா! சுறா!" ஆமைக்கு நெஞ்சு துள்ளியது. "நண்டுப் படை பக்கவாட்டில் போ! காகங்களே, மேலே கிளம்புங்க!"

"உங்க பதவிதான் போச்சே, ஐயா" என்று இழுத்தது ஒரு நண்டு.

"வாயை மூடிட்டு ஓடு!"

ஓடியது. எல்லாமே ஓடின. ஆமை கடலில் குதித்து, நேரே சுறாவின் முகத்துக்கு முன்னால் போய் நின்றது.

"நல்லா இருக்கீங்களா தளபதி?" என்றது சுறா. "உங்களை எடுத்துட்டாங்களாமே. அதுக்கப்புறம் என்னையும் ஒரு பய மதிக்கிறதில்லை. பல்லு வேற ஆடுது."

ஆமை திரும்பிப் பார்த்தது. கரையில் நண்டுகள் வரிசை கட்டி, கொடுக்கைத் தூக்கி சல்யூட் வைத்து நின்றன.

"மெதுவாப் பேசு" என்றது ஆமை. "இப்போ பயந்த மாதிரி ஓடு. வெள்ளிக்கிழமை மறக்காம வந்துடு."