இறங்கச் சொன்னது எந்திரம்

"இறங்குன்னு சொன்னா இறங்கணும். நீங்க எதுக்கு ஏறினீங்க?"

விசாரணை அதிகாரி இதை மூன்றாவது முறையாகக் கேட்டார். எதிரே உட்கார்ந்திருந்த கேப்டன் மூன்றாவது முறையாகத் தண்ணீர் குடித்தார்.

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை காலை, நடுவானில், ஒரே உயரத்தில் இரண்டு விமானங்கள் எதிரெதிரே வந்துவிட்டன. இப்படி ஆனால் காப்பாற்றுவதற்கென்றே இரண்டிலும் ஓர் எச்சரிக்கை எந்திரம் உண்டு. அந்த எந்திரங்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்து, ஒரு விமானியை ஏறச் சொல்லும், இன்னொருவரை இறங்கச் சொல்லும். ஐந்து விநாடிக்குள் சொன்னதைச் செய்ய வேண்டும். சொந்த மூளைக்கு அங்கே வேலை கிடையாது.

இவரை எந்திரம் இறங்கச் சொன்னது. ஏறினார். எதிரே வந்த விமானத்தின் கேப்டனை ஏறச் சொன்னது. அவர் இறங்கினார். இரண்டு பேரும் தப்பாகச் செய்த புண்ணியத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பயணிகள் பத்திரமாகத் தரை சேர்ந்து, பெட்டி வரத் தாமதம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

விசாரணை அதிகாரிக்கு அலுவலகத்தில் 'படிவம்' என்று பெயர், முதுகுக்குப் பின்னால். அவர் முன்னால் இருந்த தாளில் நான்கு கட்டங்கள். நான்காவது, 'நேர்மாறாகச் செய்தார்'. அதில் ஒரு டிக் அடித்தால் லைசென்ஸ் போச்சு. படிவம் பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டுதான் பேசினார்.

"ஒருத்தர் சொன்னபடி செஞ்சு, இன்னொருத்தர் மாத்திச் செஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"மோதியிருக்கும் சார்."

"தெரிஞ்சுமா ஏறினீங்க?"

"இறங்கத்தான் சார் கைய வெச்சேன். இறங்கியிருந்தா மோதியிருக்கும்."

"எப்படி?"

"அந்த கேப்டன் இறங்குவாங்கன்னு தெரியும்."

"எந்திரம் ஏறச் சொல்லியிருக்கு. அவங்க எதுக்கு இறங்கணும்?"

"நான் ஏறுவேன்னு நினைச்சு."

"நீங்க எதுக்கு ஏறணும்?"

"எந்திரம் சொன்னா நான் கேக்க மாட்டேன் சார். அது அந்த கேப்டனுக்குத் தெரியும். அன்னைக்குன்னு பார்த்து நான் நல்ல பிள்ளையா இறங்கியிருந்தா, எல்லாரும் போய்ச் சேர்ந்திருப்போம்."

படிவத்துக்குத் தலை சுற்றியது. ஆள் நம்மை வைத்து விளையாடுகிறாரோ என்று முகத்தை உற்றுப் பார்த்தார். விளையாடுகிற முகமாகத் தெரியவில்லை.

"அந்த விமானத்துல யார் இருக்காங்கன்னு எப்படித் தெரியும்? நீங்க வேற கம்பெனி, அவங்க வேற கம்பெனி."

"கொஞ்சம் முன்னாடி ரேடியோவுல குரல் கேட்டுச்சு."

"பழக்கமா?"

"பழக்கம்தான்." அதற்கு மேல் கேப்டன் பிடிகொடுக்கவில்லை. எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டவர், கதவருகே நின்றார். "என் லைசென்ஸை எடுத்துக்கங்க சார். அந்த கேப்டன் மேல தப்பில்ல. என்னைச் சரியாக் கணிச்சாங்க, அவ்வளவுதான்."

சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு அந்த கேப்டன் வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி. நேரே விமான நிலையத்திலிருந்து வந்திருந்தார், கையில் இன்னும் சக்கரப் பெட்டி இருந்தது. உட்கார்ந்ததும், கேட்பதற்கு முன்பே சொன்னார்.

"அவர் ஏறுவார்னு தெரியும் சார். அதனால நான் இறங்கினேன்."

"எதை வெச்சு?"

"கார்ல போறப்ப மேப் இடதுன்னு சொன்னா வலதுல திருப்புவார். வாஷிங் மெஷின் இன்னும் இருபது நிமிஷம்னு காட்டினா, அதுக்கென்ன தெரியும்னு நிறுத்திட்டுத் துணிய எடுத்துடுவார். பதினாறு வருஷமாப் பார்க்கறேன். எனக்கு அஞ்சு விநாடியெல்லாம் வேண்டாம் சார், ஒண்ணு போதும்."

"வாஷிங் மெஷின் வரைக்கும்..." என்று படிவம் இழுத்தார்.

"என் வீட்டுக்காரர் சார்."

படிவம் இரண்டு கோப்புகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகவரி வேறு வேறாக இருந்தது. பைலட் குடும்பம், ஆளுக்கொரு ஊரில் வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"சரிம்மா. அன்னைக்கு ஒருநாள் அவர் திருந்தியிருந்தா?"

"இறங்கத்தான் கைய வெச்சிருப்பார். அப்புறம், நான் அதை நம்ப மாட்டேன்னு ஞாபகம் வந்திருக்கும். ஏறியிருப்பார்."

காலையில் அந்த மனிதர் சொன்னது எழுத்துப் பிசகாமல் வந்து விழுந்தது. படிவத்துக்கு மெய்சிலிர்த்தது. கூடவே பொறாமையாகவும் இருந்தது. அவர் சர்க்கரையை நிறுத்தி ஆறு வருடமாகிறது, அவருடைய மனைவி இன்னும் டீயில் இரண்டு ஸ்பூன் போட்டுக் கொடுக்கிறார்.

"அவர் லைசென்ஸை மட்டும் விட்டுடுங்க சார்," என்றார் அந்தப் பெண்மணி. "விமானம் ஓட்டறதைத் தவிர அவருக்கு வேற எதுவும் தெரியாது. என்னை என்ன வேணா செய்ங்க."

முப்பது வருட உத்தியோகத்தில் முதல்முறையாகப் படிவம் எந்தக் கட்டத்திலும் டிக் அடிக்காமல் பேனாவை மூடினார். தாளின் ஓரத்தில் இடம் கண்டுபிடித்து, 'மறுபயிற்சி போதும்' என்று பென்சிலில் எழுதினார்.

"ரெண்டு பேர் லைசென்ஸும் இருக்கும். ஆனா திரும்பப் பயிற்சி எடுக்கணும். ரெண்டு பேரும் ஒரே அறையில, பக்கத்துப் பக்கத்து சீட்ல. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வந்துடுங்க." கல்யாணப் பரிசு கொடுக்கிற நிறைவு அவர் குரலில் இருந்தது.

"நாளைக்கு வேண்டாம் சார். நாளைக்குப் பத்து மணிக்கு ரெண்டு பேருக்குமே கோர்ட் இருக்கு."

சாட்சிக்குக் கூப்பிட்டிருப்பார்கள் போல என்று எண்ணியபடி, அவர் நீட்டிய காகிதத்தைப் படிவம் வாங்கினார். விவாகரத்து மனு, அடியில் இரண்டு பேர் கையெழுத்து, காரணம் என்ற இடத்தில் ஒரே ஒரு வரி: 'மனுதாரர்கள் இருவராலும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளவே முடியவில்லை.'