இரண்டாவது பெட்டி

நாற்பது தேன்பெட்டிகளில் முப்பத்தொன்பது நோயில் செத்துப்போன வருடம் அது. மிச்சமிருந்த ஒன்றை ஏசுவடியான் தினமும் காலையில் விரல் முட்டியால் தட்டுவார். உள்ளே ஒரு சீறல் எழுந்து அடங்கும். அதைக் கேட்ட பிறகுதான் அவருக்குச் சாயா இறங்கும். ரப்பர் மரங்கள் துளிர்த்துத் தேன்காலம் தொடங்கியதும் மனைவி லில்லிபாய் ஒரு காலிப் பெட்டியைக் கழுவி, உள்ளே மெழுகு தேய்த்து, அயினி மரக்கிளையில் கட்டினாள். மணம் பிடித்துக் காட்டுத் தேனீக்கள் ஏதாவது குடியேறாதா என்ற ஆசை.

"செத்த வீட்டுக்கு எவன் குடிவருவான்?" என்றார் அவர்.

பதினோராம் நாள் வந்துவிட்டன.

"இஞ்ச வாங்க, இரையுது! நமக்கு இனி ரெண்டு பெட்டி!" மரத்தடியில் நின்று அவள் அழுதாள். அவரும் ஏறிக் காதை வைத்துக் கேட்டார். நல்ல கூட்டம். அதே சந்தோஷத்தில் இறங்கிவந்து பழைய பெட்டியைத் தட்டினார். சத்தமில்லை. மறுபடியும் தட்டினார். மூடியைத் திறந்தால் அடைகளில் அந்துப்பூச்சி வலை கட்டியிருந்தது. ஒரு தேனீகூட இல்லை. மரத்தில் இரைந்தவை அவருடைய ஈக்களேதான். பூச்சி தாங்காமல் வீடு மாறியிருந்தன, அவ்வளவுதான்.

அதற்குள் அவள் தங்கைக்குப் போன் போட்டிருந்தாள். போனைப் பொத்திக்கொண்டு, "பழசு சொகமா இருக்கா?" என்று கேட்டாள்.

அவர் மூடியை மெல்லப் பொருத்தினார். "இருக்கு."

மறுநாள் இரண்டு பெட்டிக்கும் தேங்காய்ச் சிரட்டையில் சர்க்கரைப்பாகு வைத்தாள். பழைய பெட்டியின் சிரட்டையை, அவள் பார்க்காதபோது, ஏசுவடியான் எடுத்துக் குடித்தார்.

சாயங்காலம் அவள் காலிச் சிரட்டையை எட்டிப் பார்த்தாள்.

"மத்ததவிட இதுதான் நல்லா குடிக்குது," என்று சொல்லி, விளிம்பு வரை ஊற்றினாள்.