செத்தாலும் விலை சொல்லாதே

“இந்த ஸ்கார்ஃப் உங்களுக்கு ரொம்ப எடுப்பா இருக்குங்க, நாகிசா” என்றார் ஷூஹெயின் அம்மா.

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நிஜமாகவே கடித்தேன், வலித்தது.

எங்கள் ஒசாகாவில் யாராவது இப்படிச் சொன்னால், எவ்வளவு இருக்கும் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். அவர்கள் மூவாயிரம் யென் என்பார்கள். உடனே வாங்கிய விலையை, ‘ஐந்நூறு!’ என்று மேசையைத் தட்டிச் சொல்ல வேண்டும். அதுதான் மரியாதை.

ஆனால் இது டோக்கியோ. ஷூஹெய் ரயிலிலேயே பாடம் நடத்தி முடித்துவிட்டான். எஸ்கலேட்டரில் இடப்பக்கம் நில். கடையில் பேரம் பேசாதே. முன்பின் தெரியாதவர்களுக்கு மிட்டாய் நீட்டாதே. செத்தாலும் விலை சொல்லாதே.

எல்லாம் அவன் அம்மா சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்த்ததாம். அந்த அம்மா சரி என்றால்தான் எங்களுக்குக் கல்யாணம்.

கைப்பையில் இருந்த மிட்டாய்களைக்கூட ஸ்டேஷனில் பிடுங்கிக்கொண்டான். ஒசாகாவில் மிட்டாய் இல்லாத கைப்பையோடு எந்தப் பெண்ணும் தெருவில் இறங்க மாட்டாள்.

“நன்றிங்க” என்றேன்.

அம்மாவின் முகம் லேசாக வாடியது. என்ன தப்பு செய்தேன்?

“பையும் நல்லா இருக்கு.”

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். இன்னொன்று என் அம்மாவிடம் இருக்கிறது.

“நன்றிங்க.”

“அந்தக் கம்மல்?”

நூறு யென் கடை! தொண்டை வரை வந்துவிட்டது. டீயை ஊற்றி உள்ளே தள்ளினேன். கண்ணில் தண்ணீர்.

மேசைக்கு அடியில் ஷூஹெய் என் கையை அழுத்தினான். பிரமாதமாகப் போகிறதாம்.

“ரொம்ப அமைதியான பொண்ணு” என்று அம்மா தன் கணவரிடம் சொன்னார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்கிற குரலில். அவர் தலையை ஆட்டினார்.

முடிந்தது. கல்யாணம் கோவிந்தா.

வாசலில் மணி அடித்தது. சொல்லி வைத்திருந்த சுஷி வந்துவிட்டது. அப்பாவும் பிள்ளையும் வாங்கப் போனார்கள்.

கதவு சாத்தியதுதான் தாமதம். தரையில் உட்கார்ந்திருந்த அம்மா முழங்காலிலேயே நகர்ந்து என் பக்கத்தில் வந்தார். ஏப்ரன் பையில் கையை விட்டு எதையோ எடுத்து என் உள்ளங்கையில் அழுத்தினார்.

மிட்டாய்.

“சீக்கிரம் சொல்லுடி, அவங்க வந்துடப் போறாங்க. ஸ்கார்ஃப் எவ்ளோ?”

“ஐந்நூறு!”

“அடிப்பாவி!” என்று என் தொடையில் ஓங்கி ஒன்று வைத்தார். அவர் கண்களும் கலங்கியிருந்தன. பிறகு தான் போட்டிருந்த ஸ்வெட்டரை இரண்டு விரலால் இழுத்துக் காட்டினார்.

“இது எவ்ளோன்னு சொல்லு பாப்போம். கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்து முப்பது வருஷம் ஆச்சு. ஒருத்தராவது கேக்கணுமே!”