அக்கா சொன்ன யோசனை

புது டீச்சர் சிரித்த முகமாக வந்து, தன் வகுப்பில் குறுக்கிட்ட துறைத்தலைவியின் கையில் சாக்பீஸை வைத்தாள்.

"நீங்களே நடத்துங்க மேடம். பசங்களோட உட்கார்ந்து நானும் கத்துக்கறேன்."

சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தும் விட்டாள். பையன்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

மேடத்துக்குப் பேயறைந்த மாதிரி ஆனது. அவமானம்கூட அப்புறம்தான் வந்தது. அந்த வசனத்தை எழுதியதே அவர்தான்.

பள்ளிக்கூடத்தில்தான் அவர் மேடம். ஃபேஸ்புக்கில், ஆங்கில ஆசிரியர்கள் குழுவில், ரோஜாப்பூ படத்துக்குப் பின்னால் இருக்கும் அவருக்கு அக்கா என்று பெயர். முகம் தெரியாத தம்பி தங்கைகளுக்கு அறிவுரையை வாரி வழங்குவார். புதிதாக வந்தவர்களைத் தட்டிக்கொடுக்க வேண்டும் என்று உருகி உருகி எழுதுவார். எழுதிய கையோடு எழுந்து போய், யார் வகுப்பிலாவது பின்னால் நின்றுகொண்டு உச்சரிப்பைத் திருத்துவார்.

போன வாரம் பூனைப் படம் வைத்த ஒரு தங்கச்சி, பிள்ளைகள் முன்னால் மேலதிகாரி தன்னை மட்டம் தட்டுவதாகக் குழுவில் அழுதிருந்தாள். அக்காவுக்கு ரத்தம் கொதித்தது. இப்படியும் ஒரு ஜென்மமா என்று கேட்டுவிட்டு, அடுத்த தடவை வாயைத் திறந்தால் சாக்பீஸைக் கையில் கொடுத்துவிடு என்று வசனத்தோடு சொல்லிக்கொடுத்தார். லைக் குவிந்தது.

இப்போது வகுப்பே அவரைப் பார்த்தது. அவர் பாடம் நடத்திப் பல வருஷம். கரும்பலகையில் தேதியை எழுதினார். அழித்துவிட்டு இன்னும் அழகாக எழுதினார். நல்லவேளை, மணி அடித்தது.

அறைக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு மெமோ அடிக்க உட்கார்ந்தார். 'மேலதிகாரியை அவமதித்த' என்பதுவரை வந்தபோது போன் சிணுங்கியது.

குழுவில் பூனை. அக்கா சொன்னது மருந்து மாதிரி வேலை செய்ததாம். அந்தம்மா மெமோ கொடுத்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தாள். அதற்குள் தம்பி தங்கைகள் 'சொல்லுங்க அக்கா' என்று வரிசைகட்டி நின்றார்கள்.

மேடம் பல்லைக் கடித்தார். ஆனால் அக்காவால் சும்மா இருக்க முடியவில்லை.

'மரியாதையாகத்தானே நடத்தச் சொன்னேன், இதில் அவமதிப்பு எங்கே?' என்று எழுத்தில் கேள். அதோடு அந்தம்மா வாயடைத்துப் போய்விடுவாள் என்று பதில் போட்டார். இதயங்கள் பறந்தன. பெருமை தாங்காமல் மெமோவுக்குத் திரும்பினால், அதில் ஒரு சொல்கூட நிற்கவில்லை.

போன் மறுபடி சிணுங்கியது. இந்தத் தடவை பூனை அக்காவுக்குத் தனியாக அனுப்பியிருந்தாள்.

"மெமோ ரெடியானதும் கூப்பிடுங்க மேடம். வந்து வாங்கிக்கறேன்."