ஆறிப்போன தேத்தண்ணி

பக்கத்து வீட்டு இல்ஹாம் வடையைத் தொடவேயில்லை.

கமலினி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புலம்பெயர்ந்து வந்திருக்கும் நோபல் பார்க்கில் அந்த வீடு வெகு நாள் பூட்டிக் கிடந்தது. போன மாதம்தான் இந்தப் புத்தளத்து முஸ்லிம் இளைஞன் குடிவந்தான். வேலிக்கு மேலால் தமிழில் பேச ஓர் ஆள் கிடைத்ததே என்று அவளுக்குப் பெரிய சந்தோஷம். மாலைத் தேத்தண்ணிக்கு அழைத்ததும் அவள்தான்.

அவள் கணவர் விக்னராஜாவுக்கோ கதை கேட்க ஆள் கிடைத்துவிட்டது. போன பங்குனியில் இருவரும் மஸ்கட் போய் வந்தார்கள். போன நேரம் நோன்பு மாதம். நண்பர்கள் எல்லாரும் அந்தக் கதையைக் கேட்டுக் களைத்துவிட்டார்கள்.

பகல் முழுக்க ஊரே வாய் நனைக்காமல் இருந்ததைச் சொன்னார். பொழுதுபடும் நேரம் பள்ளிவாசல் முற்றத்தில் விரிப்பு விரித்து, தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு இருத்தியதைச் சொன்னார்.

"நாங்கள் சைவக்காரர், நோன்பில்லை எண்டு சொன்னன். ஒரு கிழவர் விடேல்லை, கையைப் பிடிச்சுப் பக்கத்தில இருத்திப்போட்டார். பேரீச்சம்பழத்தைக் கையில வைச்சுக்கொண்டு அவ்வளவு சனமும் பேசாமல் இருக்கினம். பள்ளியில தொழுகைக்குக் கூப்பிட்டுப் பாங்கு சொன்ன பிறகுதான் வாயில வைச்சவை. நானும் பொறுத்திருந்தனான், தம்பி. அந்தப் பழம் இண்டைக்கும் நாக்கில நிக்குது."

இல்ஹாம் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். பாங்கு சொன்னவரின் குரல் எப்படி என்று கேட்டான். இடையிடையே கைபேசியைப் பார்த்தான், யன்னலைப் பார்த்தான். தட்டை மட்டும் பார்க்கவில்லை.

"ஆறப்போகுது, எடுங்கோ தம்பி."

"எடுக்கிறேன் அன்ரி. அவசரமில்ல."

சுத்தச் சைவம்தான், பயமில்லை என்று இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள். அதற்கும் தலையைத்தான் ஆட்டினான். அதற்குமேல் கெஞ்ச அவளுக்கு மனம் வரவில்லை.

குசினிக்குள் போய் நின்றாள். முன்பின் தெரியாத மனிதர் கொடுத்ததை மஸ்கட்டில் இவர் வாங்கிச் சாப்பிட்டார். எங்கள் வீட்டுச் சாப்பாடு மட்டும் இவனுக்கு ஆகாதோ? இனி வேலிப் பக்கம் போவதேயில்லை என்று முடிவெடுத்தாள்.

வெளியே, மாசியில் வரும் இந்த நாட்டுக் கோடையின் நீண்ட வெளிச்சம் ஒருவழியாக மங்கியது. தெருவில் ஒரு சத்தமும் இல்லை.

"அன்ரி, கொஞ்சம் தண்ணி தருவீங்களா?"

முகத்தை இறுக்கிக்கொண்டு கொண்டுவந்து வைத்தாள். அவன் உதட்டுக்குள் ஏதோ சொல்லி, ஒரே மூச்சில் குடித்தான். பிறகு ஒரு வடை. உடனே இன்னொன்று. ஆறிப்போன தேத்தண்ணியையும் மிச்சம் வைக்கவில்லை.

விக்னராஜாவின் பேச்சு பாதியில் நின்றது.

"தம்பி, நோன்போ? அது பங்குனியிலயெல்லோ? இப்ப மாசிதானே?"

"அது வருஷா வருஷம் கொஞ்சம் முன்னுக்கு வரும், அங்கிள்."

கமலினிக்கு அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"முதலே சொல்லியிருக்கலாமே, தம்பி. நான் இதுகளைக் கொண்டுவந்து முன்னால வைச்சிருக்கமாட்டன். இவரும் கதையை நிப்பாட்டியிருப்பார்."

"அதுதான் அன்ரி சொல்லல்ல. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து தெருவுல பாங்கே கேட்டதில்ல. அங்கிள் சொல்லச் சொல்ல, கேட்டுட்டே இருந்திச்சு."